அணில் அடைத்து வைத்த நார்

செம்மூக்கி என்ற தாழைக்கோழிக்கு அந்தக் குளத்தில் ஒரே ஒரு குறைதான். மூவரி என்ற அணிலை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"நீந்தவே தெரியாதவளுக்கு இத்தனை மரியாதையா!" என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பருந்து வட்டமிட்டால் முதலில் குரல் கொடுப்பவள் செம்மூக்கிதான். அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. அந்த மனத்தாங்கலும் சேர்ந்துகொண்டது.

அந்தப் புகழுக்குக் காரணம் இருந்தது. காட்டோரத்துக் குளம் அது. மேட்டில் பாத்திரங்களுக்குப் பளபளப்பு ஏற்றும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழிவுநீர் ஓடை வழியாகக் குளத்துக்குள் இறங்கியது. வெறும் சேறென்றால் அடியில் படிந்துவிடும். இதுவோ குரோமியமும் ஈயமும் கரைந்த தண்ணீர். மீன்கள் செத்து மிதந்தன. தவளைகள் கத்துவதையே மறந்துபோயின.

அப்போதுதான் மூவரி ஒன்றைக் கவனித்தாள். ஓடையில் ஒரு தேங்காய் மட்டை சிக்கிக் கிடந்தது. மட்டைக்கு முன்னால் வரும் தண்ணீரில் ஒரு புழுகூட உயிரோடு இல்லை. மட்டைக்குள் வடிந்து அந்தப் பக்கம் தேங்கிய குழியில் மட்டும் மீன் குஞ்சுகள் துள்ளின! அவளுக்குப் பொறி தட்டியது. மட்டைகளைப் பல்லால் கிழித்தாள். நாரைப் பந்து பந்தாகச் சுருட்டி, ஓடை வாயில் இருந்த கல்லிடுக்குகளில் அடைத்தாள். தண்ணீர் நாருக்குள் புகுந்து வந்தது. நஞ்சு நாரிலேயே ஒட்டிக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் குளம் தெளிந்துவிட்டது.

தவளைகள் கரையில் கூடின. "மூவரி அக்கா வாழ்க!"

"வாழ்த்தெல்லாம் இருக்கட்டும். முக்கியமா ஒண்ணு சொல்றேன், கேளுங்க!" என்று மூவரி தொடங்கினாள்.

செம்மூக்கிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இனி இவ பிரசங்கம் வேறயா?" என்று தண்ணீருக்குள் முங்கிவிட்டாள். மேலே பேசியதில் ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. விழக் கூடாது என்றுதானே முங்கினாள்!

சில நாள் கழித்து மூவரி கல்லிடுக்கில் புது நாரை அடைத்தாள். கறுத்துப்போன பழைய நாரைப் பாறைப் பொந்துக்குள் தள்ளி, வாயைக் கல்லால் மூடினாள். செம்மூக்கி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, குப்பையை யாராவது இப்படி அடைச்சு வைப்பாங்களா?" என்று ஆமையிடம் கேட்டாள்.

"ஏன்னுதான் அன்னிக்கே சொன்னாளே! நீ கேக்கலியா?"

கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கேக்காம என்ன? நல்லா கேட்டேன்!" என்றாள். ஆமையும் நம்பிப் போய்விட்டது.

செம்மூக்கியின் மனம் கணக்குப் போட்டது. 'புது நாரில் ஒன்றும் இல்லை. ஊறிய நாரில்தான் சரக்கு இருக்கிறது. அதனால்தான் கள்ளி ஒளித்து வைக்கிறாள்! அது என்னிடம் இருந்தால் என் மூலைத் தண்ணீர் கண்ணாடியாக மின்னும். எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள்!'

நாணலுக்கு நடுவில் இருந்த அவள் கூட்டில் அப்போதுதான் குஞ்சுகள் பொரிந்திருந்தன. நண்பகலில் மூவரி கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கல்லைத் தள்ளினாள். கறுத்த நாரை வாய் வாயாகக் கொண்டுவந்து, அடியில் இருக்கும் தண்ணீர் தெளியட்டும் என்று கூட்டுக்குள் பரப்பினாள். குஞ்சுகள் அதை ஆசையாகக் கொத்தின.

வழியெல்லாம் சிந்திய நாரைப் பார்த்து மூவரி பதறி ஓடிவந்தாள். "செம்மூக்கி அக்கா! அதை வெளிய போடுங்க! தண்ணியில இருந்த நஞ்சு முழுக்க அந்த நார்லதான் இருக்கு!"

"பொய்! எனக்கு நாலு பேர் கைதட்டினா உனக்குப் பொறுக்காதே! பொறாமை பிடிச்சவளே!"

நடுவில் தண்ணீர். மூவரியால் கூட்டுக்குப் போக முடியவில்லை. ஆமையைத் தேடிப் பிடித்து, அதன் முதுகில் ஏறி வந்து சேர்வதற்குள் குஞ்சுகளின் கழுத்து துவண்டுவிட்டது.

"அக்கா, குஞ்சுங்களைத் தூக்குங்க!" மூவரி நாரை இழுத்து இழுத்து ஆமையின் முதுகில் போட்டாள்.

"நல்லா கேட்டேன்னு சொன்னியே அம்மா!" என்றது ஆமை.

"கேக்கல அண்ணே. அவளைப் புகழறதைக் கேக்கப் பிடிக்காம முங்கிட்டேன்!" என்று செம்மூக்கி கதறினாள்.

பொழுது சாயும்போது குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கடைசிக் குஞ்சு மட்டும் எழவே இல்லை. செம்மூக்கி அதைச் சிறகுக்குள் அணைத்தபடி அழுதாள்.

மறுநாள் மூவரி கூட்டில் பரப்பச் சுத்தமான புது நார் கொண்டுவந்து கரையில் வைத்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. செம்மூக்கி நீந்தி வந்து அதை வாங்கிக்கொண்டாள். அவளால் மூவரியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பொறாமையால் காதை மூடிக்கொண்டவருக்கு, அடுத்தவர் ஒதுக்கி வைத்த நஞ்சும் புதையலாகத்தான் தெரியும்.