ஹெலிகாப்டர் சத்தம்

சண்டை எந்த தேசத்துல நடந்தாலும் டீவிக்காரர் திருமாறன் அங்க போய் நிப்பாரு. இருபத்திரண்டு வருசமா அதான் வேலை. பின்னாடி வீடு எரியும், முன்னாடி இவரு மைக்கப் பிடிச்சுக்கிட்டு பேசுவாரு. ஊர்ல அவங்க அத்தை ஒருத்தி டீவிகிட்ட போயி, "ஏலே, குண்டு விழுதுடா, உள்ள வாடா!"ன்னு கத்துவாளாம். தெருவே ஓடியாந்து வானத்தப் பாத்த கூத்து இருக்கே... சரி, அத விடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மலையடிவாரத்து மடத்துல அடைக்கலம் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு. சாமி இவர விட நாலு வயசு இளசு, இவர அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. ஆனாலும் குரு குருதானே.

இந்தத் தடவ பிளேன் மறுநாளு. சாமி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாரு.

"கால் நகர மாட்டேங்குது சாமி. போகவா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

"எது புடிச்சு வச்சிருக்கு?"

"தெரியல. போன வருசம் ஒரு அம்மாவப் பேட்டி எடுத்தேன். அவதான் கண்ணுக்குள்ளயே நிக்கிறா."

"சொல்லுங்க."

"இடிஞ்ச பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னா. மக உள்ள செத்துக் கெடக்கா. 'அவசரத்துல தலை பின்னி விடாம அனுப்பிட்டேன்'னு சொன்னா சாமி. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. அந்தத் திடத்தப் பாத்துத்தான் உலகமே அழுதுச்சு. எனக்கு விருது கூடக் குடுத்தாங்க."

சொல்றதுக்குள்ள அவருக்குக் கண்ணு ரெண்டும் பொங்கிருச்சு.

சாமி நிமிர்ந்து பாத்தாரு. "காக்கா கத்துச்சா, சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

மூக்கத் தொடச்சுக்கிட்டு மறுபடி சொன்னாரு.

"மூஞ்சி நெழல்ல இருக்கு. இப்படித் திரும்பி உக்காந்து, மொதல்லருந்து சொல்லுங்க."

திருமாறனுக்கு எரிச்சலா வந்துச்சு. குரு கேக்குறாரே, என்ன பண்றது? சொன்னாரு. இந்தத் தடவ எங்கயும் திக்கல. டீவியில வர்ற மாதிரியே, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி, அவ்வளவு சுத்தமா வந்துச்சு.

"இப்ப நல்லாருக்கு. கண்ணும் காஞ்சிருச்சு. திடம் வந்துருச்சாண்ணே?"

"ஒரே சேதிய மூணு தடவ சொன்னா அழுகை எங்க சாமி வரும்?"

வெடுக்குன்னு சொல்லிட்டாரே தவிர, சொன்ன வாய் அப்படியே நின்னு போச்சு. சாமி கீரையத்தான் உருவிக்கிட்டு இருந்தாரு.

மெதுவா சொன்னாரு திருமாறன்.

"அன்னைக்கு மேல ஹெலிகாப்டர் பறந்துச்சு சாமி. பேச்சு சரியா பதிவாகல. திரும்பச் சொல்லுங்கம்மான்னு கேட்டேன். அப்புறம் வெளிச்சம் பத்தலன்னு இன்னொரு தடவ. டீவியில போட்டது மூணாவது."

சாமி கீரைய ஓரமா வச்சாரு.

"மொத தடவ சொன்னப்ப, அந்தம்மா அழுதாங்களாண்ணே?"

ஆமான்னு தலைய ஆட்டுனாரு திருமாறன். போகவா வேண்டாமான்னு அப்புறம் அவரு கேக்கல.