வண்டிக்குள்ள யாரு?

"குருவே, மறுபடியும் கிழிஞ்சிருச்சு."

சென்னியப்பன் கையில ஒரு கறுப்பு ரப்பர் வளையம். நாய் ஒரு வாரம் மென்னு, பிடிக்காம துப்புன மாதிரி இருந்துச்சு.

எஸ்தர் டீய ஊதிக்கிட்டே அதப் பாத்தா.

"வண்டிக்குள்ள யாரு இருந்தா?"

"யாருமில்லீங். காலி வண்டிதான்."

"அப்ப வேற மாட்டுங்ணா."

போன தடவையும் இதே கேள்வி. அதுக்கு முந்துன தடவையும் இதே.

மேட்டுப்பாளையத்துல, மல ஏறுற ரோட்டுக்குக் கீழ எஸ்தரோட பட்டறை. குருன்னதும் தாடியத் தேடாதீங்க. சீடனவிட அவ ஆறேழு வயசு சின்னவ. சென்னியப்பன் காருக்கு ஒயரிங் பாத்துக்கிட்டிருந்த ஆளு, ஸ்பிரிங் வேல கத்துக்க அவகிட்ட வந்தான். மொதல்ல கிண்டலுக்குத்தான் 'குருவே'ன்னான். எதுக்குமே அவ நேரா பதில் சொல்லாததப் பாத்து கிண்டல் ஓடிப்போச்சு, பேரு நின்னுருச்சு.

வண்டின்னா அவனோட சொந்த வண்டி. ரெண்டே கதவு, பின்பக்கம் சரிஞ்சு இறங்குற கூரை. பழைய காலத்துக் கூப்பே. நின்னா நாலு பேரு போட்டோ எடுப்பாங்க. ஓடுனா அதே நாலு பேரு தள்ளுவாங்க.

இப்ப அதுக்குப் புது ஸ்பிரிங்கு. கேஸ் அடைச்ச புது ஷாக் அப்சார்பரு. சக்கரத்தப் புடிச்சிருக்குற கை ஒவ்வொண்ணுக்கும் புது ரப்பர் புஷ், அதான் அந்தக் கிழியுற வளையம்.

எல்லாம் கோகிலவாணிக்காக.

கோகிலவாணி அவன் சம்சாரம். ஏழு மாசம். வளகாப்பு முடிஞ்ச அன்னைக்கே அம்மா வீட்டுக்கு, குன்னூருக்குப் போயிருக்கணும். வண்டி ரெடியாகலைன்னு இன்னும் இங்கயே இருந்தா.

போன வருசமும் இதே ரோட்டுல வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போனான். வழியெல்லாம் குலுக்கல். ரெண்டு நாள்ல வயித்துல இருந்தது கலைஞ்சு போச்சு. ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவன் காது கேட்டுக்கிச்சு. மனசு கேக்கல.

அப்ப இருந்து வீட்டுல அவன் கொழந்தப் பேச்சே எடுக்குறதில்ல. "ஏனுங்க, பேரு எதாவது யோசிச்சீங்களா?"ன்னு கோகிலா கேட்டா, டயர்ல காத்துப் பாக்கணும்னு எந்திரிச்சுப் போயிருவான். அவ அவன் கையத் தூக்கி வயித்து மேல வெக்கப் பாத்தா, "கையெல்லாம் கிரீஸு"ன்னு இழுத்துக்குவான்.

குளிச்சிட்டு வந்த கை அது.

"நாளைக்குக் காலைல மச்சான் ஜீப்பு எடுத்துட்டு வர்றான், குருவே. ஜீப்புங்க. அதுல தேங்கா ஏத்துனா சட்னியாத்தான் இறங்கும். இன்னைக்கு இது முடியலைன்னா அவ அதுலதான் போகணும்."

எஸ்தர் டம்ளரக் கீழ வெச்சா.

"மூச்ச உள்ள இழுங்ணா."

இழுத்தான்.

"இடுப்பு பெல்ட்ட இறுக்கிக் கடைசி ஓட்டைல மாட்டுங்."

மாட்டுனான்.

"இப்ப உக்காருங்."

உக்காந்தான். கண்ணு ரெண்டும் வெளிய வந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போச்சு.

"அப்படியே குன்னூர் வரைக்கும் போங்."

அவ போயிட்டா.

சென்னியப்பன் பெல்ட்டக் கழட்டுனான். மூச்சு வந்துச்சு. வண்டியத் திரும்பிப் பாத்தான்.

வண்டி ஸ்டாண்டு மேல நின்னுச்சு. நாலு சக்கரமும் காத்துல தொங்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படித் தொங்கவிட்டுத்தான் புது ரப்பரப் போட்டு, நட்ட இறுக்குனான். பலங்கொண்ட மட்டும் இறுக்குனான். அப்புறம் கீழ இறக்குனா வண்டி தன் எடைக்கு உக்காரும். தொங்குற நெலமைல இறுக்குன ரப்பரு திருகிக்கிட்டே கெடக்கும். நாலு தெரு ஓடுனா கிழியும்.

"அட நாசமாப் போன கையே"ன்னான்.

புது ரப்பரப் போட்டு, நட்டெல்லாம் விரலால மட்டும் மாட்டி, சக்கரம் தரையில ஊன்ற மாதிரி வண்டியக் குழிக்கு மேல நிறுத்துனான். கீழ நின்னு வேல பாக்குற குழி. ஸ்பேனரோட உள்ள இறங்கிட்டான்.

"குருவே, புரிஞ்சிருச்சு. தரையில நிக்க வெச்சு இறுக்கணும்."

எஸ்தர் குனிஞ்சா. "வண்டிக்குள்ள யாரு?"

"யாரு... யாருமில்லீங்."

கையில இருந்த ஸ்பேனரப் புடுங்கி, பேண்ட் பாக்கெட்ல சொருகிக்கிட்டுப் போயிட்டா.

அவன் குழிய விட்டு ஏறுனான். கோகிலா எடைக்கு ஒரு சாக்குல மணல் கட்டி, முன் சீட்டுல உக்கார வெச்சான். சாஞ்சிருமோன்னு பயந்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான்.

எஸ்தர் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா.

"யாருங்ணா இது?"

"மணலுங்."

"பிரசவம் மணலுக்கா?"

சென்னியப்பனுக்கு வேர்த்துச்சு. "அவள இங்க வந்து உக்காரச் சொல்றீங்களா? நட்டெல்லாம் லூசா இருக்குதுங்."

"லூசா இருக்குறப்பத்தான் உக்காரணும்."

"எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"நிக்குற வண்டிங்ணா இது."

"வண்டி நின்னு ரெண்டு நாள் கழிச்சும் ஆகுமுங்க." அவன் மெதுவாத்தான் சொன்னான். "எனக்குத் தெரியும்."

எஸ்தர் மணல் மூட்டையவே பாத்துக்கிட்டு நின்னா.

அப்பத்தான் வாசல்ல ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு. நின்னுச்சுன்னு சொல்லக் கூடாது, ரோட்டுப் பள்ளத்துல விழுந்து குதிச்சு ஓஞ்சுச்சு. உள்ள இருந்து கோகிலவாணி இறங்குனா. ஒரு கையில மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுப் பொட்டலம். வாயில பாதி வர்க்கி.

"அம்மா போன் மேல போனு. வண்டி ஆச்சா இல்லையான்னு நானே பாத்துரலாம்னு வந்தேன்."

"இந்த ரோட்டுல, ஷேர் ஆட்டோலயா?" சென்னியப்பன் ஓடி வந்தான். "எதாச்சும் வலிக்குதா? தண்ணி குடிக்கிறியா? உக்காரு. வேண்டாம், நில்லு. வேண்டாம், உக்காரு."

"நீங்க மொதல்ல உக்காருங்க. எனக்குப் பயமா இருக்குது."

எஸ்தர் கூப்பேக் கதவத் தொறந்தா. "வாங் அண்ணி."

கோகிலா உள்ள பாத்தா. சீட் பெல்ட்டோட மணல் மூட்ட.

"இது யாருங்க, எனக்கு முன்னாடியே ஏறி உக்காந்துட்டா?"

எஸ்தர் பெல்ட்டக் கழட்டி மூட்டையக் கீழ இழுத்துப் போட்டா. சென்னியப்பன் குறுக்க வந்து நின்னான். எஸ்தர் குழியக் கைகாட்டுனா. அவன் நகரல. அவ காட்டுன கையக் கீழ போடவும் இல்ல.

இறங்குனான்.

குழிக்குள்ள இருட்டு. தலைக்கு மேல ஒரு சாண் உயரத்துல வண்டியோட அடித்தகடு. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வண்டி மெதுவா, கையால அமுத்துன புளிச்ச மாவு மாதிரி ஒரு விரக்கட இறங்குச்சு. ஸ்பிரிங்கு ஒரு மொனகு மொனகி நின்னுச்சு. சக்கரத்துக் கை கொஞ்சம் திரும்பி, தன் எடத்துல படிஞ்சுச்சு.

அதுக்கு மேல ஒண்ணும் ஆகல.

மேல வர்க்கி கடிக்குற சத்தம்.

"சீட்டு நல்லாருக்குதுங்க"ன்னா கோகிலா.

சென்னியப்பன் குழிக்குள்ள இருந்து கைய நீட்டுனான். "ஸ்பேனரு குடுங், குருவே."

எஸ்தர் குழி ஓரத்துல குத்தவெச்சு உக்காந்தா. ஸ்பேனர் அவ கையிலதான் இருந்துச்சு.

"வண்டிக்குள்ள யாரு?"

"கோகிலாதாங்க."

நீட்டுன கை நீட்டுனபடியே இருந்துச்சு. ஸ்பேனர் வரல.

"கோகிலாதான், குருவே. நீங்கதான ஏத்துனீங்க?"

எஸ்தர் ஸ்பேனர மடியில வெச்சுக்கிட்டா.

மேல வர்க்கி கடிக்குற சத்தம் நின்னுருச்சு.

சென்னியப்பன் நிமிந்து தகடப் பாத்தான். அவ அங்கதான், நேரா அவன் தலைக்கு மேல உக்காந்திருந்தா. வேர்வ கண்ணுல இறங்குச்சு. தொடைக்கல. இன்னொரு கைய, கிரீஸு கையத் தூக்கி, உள்ளங்கைய அந்தத் தகட்டுல வெச்சான். ரொம்ப நேரம் வெச்சிருந்தான்.

"ரெண்டு பேரு"ன்னான்.

எஸ்தர் ஸ்பேனர அவன் கையில வெச்சா.