பத்துக்குப் பத்து

ஆவுடையப்பன் வாத்தியாருக்கு ஒரு குரு உண்டு. பெயர் கோமதி அம்மை. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஆசிரமம். அந்தக் கோமதிக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் ஆவுடையப்பன்தான். அதனால் குரு சீடரை ‘சார்’ என்று கூப்பிடுவார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

ரிட்டையரான கையோடு வந்து சேர்ந்தவர் வாத்தியார். தீட்சை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள்.

அவர் கேட்கும்போதெல்லாம் அம்மை, “மனசு எப்படி இருக்கு சார்?” என்பார்.

“பரம நிம்மதிம்மா.”

“அப்ப பாப்போம்” என்று அம்மை எழுந்து போய்விடுவார்.

ஆசிரமத்துக்கு ஒரு பக்தர் கார் கொடுத்திருந்தார். ஓட்டுவது வாத்தியார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைத் திருநெல்வேலி பைபாஸில் இருந்த கம்பெனி ஷோரூமில் சர்வீசுக்கு விட்டார். பிடித்தது சனி.

திரும்பி வந்த கார் மினுமினுத்தது. டயருக்குக்கூடக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். ஆசிரமத்துக் கல் ரோட்டில் ஏறியதும் பின்னால் இடது பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம்.

மறுபடி கொண்டுபோனார். ஜெபின் என்று ஒரு சர்வீஸ் அட்வைசர். கழுத்தில் டை, வாயில் தேன். வாத்தியாரை ஏசி அறையில் உட்காரவைத்து மெஷின் காபி கொடுத்துவிட்டு, காரைப் பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

“சத்தமே இல்லையே சார்.”

பைபாஸ் ரோட்டில் மாட்டு வண்டி போனால்கூடச் சத்தம் வராது. வாத்தியாருக்கு அது தெரியும்.

ஆனாலும், “சரி தம்பி” என்றார்.

காரை மறுபடி கழுவிக் கொடுத்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபின் குரலைத் தாழ்த்தினார்.

“சார், ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வரும். பத்துக்கு எத்தனை மார்க்னு கேப்பாங்க. பத்துக்குக் கீழ போட்டுராதீங்க. ஒன்பதுன்னாலே எங்களுக்கு ஃபெயில்தான். ரெண்டு பிள்ளைங்க இருக்கு சார்.”

போன் வந்தது. வாத்தியார் பத்துப் போட்டார்.

கல் ரோட்டில் கடகட.

இதுவே வழக்கமாகிவிட்டது. கொண்டுபோவார். காபி, கழுவல், பத்து. போனை வைத்த மறுநிமிஷம் ஆரம்பித்துவிடுவார்: “கொள்ளைக்கூட்டம்மா அது! டை கட்டின திருட்டுப் பய!” அடுக்களையில் காய் நறுக்குகிற பெண்கள், அவர் வருவதைப் பார்த்தாலே அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒருநாள் அம்மையிடமே போய் நின்றார்.

“அம்மா, இப்படிப்பட்ட ஆளுங்க மத்தியில மனசை எப்படி நிம்மதியா வச்சுக்கிடுதது?”

அம்மை வாயைத் திறப்பதற்குள் வாத்தியாரின் போன் அடித்தது.

“ஆமாம்மா... ரொம்ப நல்லா பண்ணினாங்க. பத்து. பத்துக்குப் பத்து. நன்றி.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பவ்யமாக நின்றார்.

“வண்டிய எடுங்க சார்” என்றார் அம்மை. “ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்.”

அம்மை பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கார் கல் ரோட்டில் இறங்கியது.

கடகட என்றது கார்.

“பத்து” என்றார் அம்மை.

ஒரு பள்ளம் வந்தது. கடகடகட.

“பத்து, பத்து, பத்து.”

வாத்தியாருக்குக் காது மடல் சூடானது.

“பாவம்மா அந்தப் பையன். ரெண்டு பிள்ளைங்க.”

“கணக்குப் பரீட்சையில எனக்கு முப்பத்திநாலு போட்டீங்களே சார். ஒரு மார்க்குக்காக ஸ்டாஃப் ரூம் வரைக்கும் அழுதுகிட்டே உங்க பின்னால வந்தேன்.”

“தப்பு இருந்துது, போட்டேன். அழுதுதேன்னு அள்ளிப் போட்டா, பிள்ளைக்கு எப்படிம்மா கணக்கு வரும்?”

அம்மை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடகட.

“பத்து.”

மறுநாள் வாத்தியார் ஷோரூமுக்குப் போனார். காபி வந்தது. வேண்டாம் என்றார்.

“தம்பி, போன் வந்தா ரெண்டுதான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார்.

ஜெபினின் முகத்தில் இருந்த தேன் வற்றிப்போனது. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“ஏறுங்க சார். எங்க சத்தம் வருதுன்னு காட்டுங்க.”

இந்தத் தடவை பைபாஸுக்குப் போகவில்லை. ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் ஒரு மண் ரோடு இருந்தது. அதில் ஏறியதும் கடகட. ஜெபினே இறங்கி டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் கிடந்தது. ஷோரூமின் பெயர் அதில் வெட்டியிருந்தது.

“அட! இதத்தான் சார் இத்தனை நாளாத் தேடிக்கிட்டு இருந்தோம்!”

“எங்க தேடுனீங்க?”

“எல்லா இடத்துலயும்.”

“என் வண்டியில?”

“பத்து வாங்குன வண்டிய யாரு சார் திறந்து பாப்பா? ‘கஸ்டமருக்கு முழுத் திருப்தி’ன்னு கம்ப்யூட்டர்ல வந்துருமே.”

ஸ்பேனரைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் ஜெபின். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று வாத்தியார் காத்திருந்தார்.

“காரைக் கழுவச் சொல்லட்டுமா சார்?” என்றார் ஜெபின்.

கல் ரோட்டில் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. வாத்தியார் துள்ளலாக இறங்கி, அம்மையின் முன்னால் போய் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். சொன்ன சூட்டோடு தீட்சையையும் கேட்டார்.

“இத்தனை வருஷமா என் பேச்சைக் கேக்குதீங்க” என்றார் அம்மை. “உங்க மனசுக்கு அது என்ன பண்ணியிருக்கு? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“ப...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

உள்ளதைச் சொன்னால் தீட்சை அவ்வளவுதான் என்று தோன்றியது. அடுக்களையில் காய் நறுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

“மூணும்மா” என்றார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

“கூடப்பிறந்த தம்பிகிட்டப் பேசி வருஷக்கணக்காச்சு. கண்ணை மூடி உக்காந்தா அவன் மூஞ்சிதான் வருது. நீங்க பேசுததுல பாதி காதுல விழுததே இல்ல. எனக்கு நிம்மதியெல்லாம் இல்லம்மா. ஒருநாளும் இருந்ததில்ல.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது.

அம்மை அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“இப்பத்தான் சார் வண்டிய ஒர்க் ஷாப்புக்குள்ள விட்டிருக்கீங்க. நாளைக்கு விடியக் குளிச்சிட்டுத் தீட்சைக்கு வாங்க.”