செவப்புப் பொட்டு வச்ச கார்டு

ஒரு ஊர்ல ஒரு கிழட்டு லேப்டாப் இருந்துச்சாம்.

இரு, மொதல்ல அந்தப் பாட்டுப் பெட்டியை அணைச்சுக்கிறேன். டொக். பாட்டும் வேணும் கதையும் வேணும்னா எப்படி பாப்பா? அது பாடுனாலே அத்தைக்கு ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியுமே. ஏன்னு கேக்காத. படு, காலை நீட்டு. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். உன் ம் நின்னா என் கதையும் நின்னுரும்.

ஏன் சிரிக்கிற? கதைன்னா ராஜா ராணிதான் இருக்கணுமா? ராஜா ராணிக்கு என்ன கஷ்டம், அவங்கெல்லாம் சாப்பிட்டுத் தூங்கிட்டாங்க. இது கோவில்பட்டிப் பக்கம் நடந்தது. அந்த லேப்டாப் ஒரு அண்ணனோடது. அவன் பேரு நயினார்னு வச்சுக்குவோம். காலேஜ்ல படிக்கும்போது அப்பா வாங்கிக் குடுத்தது. அப்புறம் அவனுக்கு மெட்ராஸ்ல வேலை கெடச்சுது, புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டான். பழசைத் தூக்கி பரண்ல போட்டுட்டான், ஈயம் போன அண்டாவுக்குள்ள.

அந்த அண்ணனுக்கு ஒரு தங்கச்சி. பேரு செம்பகம். அவளும் படிச்சவதான். ஆனா அவளுக்கு லேப்டாப் வாங்கணும்னு யாருக்கும் தோணலை. பொட்டைப் புள்ளைக்கு எதுக்குன்னுகூட யாரும் சொல்லலை, தோணவே இல்லை, அவ்வளவுதான்.

ம் சொல்லு.

அப்போ ஒரு கம்பெனியில ஒரு வேலை இருந்துச்சு. வெளிநாட்டு டாக்டருங்க பேசுறதைக் காதுல கேட்டு டைப் அடிக்கணும். வீட்டுல உக்காந்தே செய்யலாம். அதுக்கு ஒரு பரிட்சை, அதையும் வீட்டுல இருந்தே எழுதணும். செம்பகம் அப்பாகிட்டப் போயி நின்னா. அப்பா பேப்பரைக் கீழ வைக்காம சொன்னாரு: "தேறிட்டா வேலை பாரு, நான் குறுக்க நிக்கலை. தேறலேன்னா சாத்தூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

சாத்தூர்க்காரங்க யாரா? ஒரு மாப்பிள்ளை. பொண்ணு பாக்க வந்திருந்தான். காபி ஆறிப்போச்சுன்னு அவன் பெத்த அம்மாவையே எல்லார் முன்னாலயும் ஒரு அதட்டு அதட்டுனான் பாரு, அந்தம்மா கையில டம்ளர் கடகடன்னு ஆடுச்சு. நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாம் மேல மின்விசிறியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. செம்பகம் கதவு இடுக்கு வழியா அந்த டம்ளரைப் பாத்தா. அன்னையில இருந்து சாத்தூர்ன்னு பஸ்ஸுல எழுதியிருந்தாக்கூட அவ மூஞ்சியைத் திருப்பிக்குவா.

அப்புறம் அவ அண்ணனுக்குப் போன் போட்டு, பரண்ல கெடக்குறதை எடுத்துக்கிடட்டான்னு கேட்டா. அவன் சிரிச்சுட்டு, அது செத்த மாடு, தாராளமா எடுத்துக்கோன்னான்.

எடுத்தா, தூசி தட்டுனா, பொத்தானை அமுக்குனா. கிர்ர்ர்ர்ர். திரையில ஒரு வட்டம் சுத்துது. அவ போயி உலை வச்சா, அரிசி களைஞ்சு போட்டா, வந்து பாத்தா வட்டம் இன்னும் சுத்துது. சோறு வெந்து கஞ்சி வடிச்சதுக்கு அப்புறம்தான் கண்ணைத் தொறந்துச்சு. ஒரு எழுத்தை அடிச்சா, அது யோசிச்சு, பெருமூச்சு விட்டு, பொறவு ஒரு எழுத்தைப் போடும். இதை வச்சுக்கிட்டுப் பரிட்சையா?

ம்? சரி, முழிச்சுத்தான் இருக்க.

செம்பகம் மத்தியானத்துல ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போவா, கல்யாணப் போட்டோ எல்லாம் பிரிச்சு அடுக்குற வேலை. ஸ்டூடியோ அண்ணாச்சி பேரு தவசிலிங்கம். அவருகிட்டப் பொலம்பினா. அவரு, லேப்டாப்போட விலாவுல ஒரு சந்து இருக்கும், அதுல நல்ல மெமரி கார்டு ஒண்ணைச் சொருகி, இதை உன் வேகத்துக்கு வச்சுக்கோன்னு சொல்லிக் குடு, அது மூச்சு விடும்னாரு.

அது எப்படின்னா, நம்ம வீட்டு அடுப்படியை நெனச்சுக்கோ. கடுகு, சீரகம், மிளகு எல்லாம் பரண்ல இருக்குன்னு வை. ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி எடுத்தா என்னைக்கு ரசம் வைக்கிறது? அதுக்குத்தானே அஞ்சறைப்பெட்டியை அடுப்புப் பக்கத்துலயே வச்சிருக்கோம். அந்த மாதிரிதான். அந்தக் கெழட்டு லேப்டாப்புக்கு அடுப்பு மேடை ரொம்பச் சின்னது, பாவம். எது வேணும்னாலும் பரண்ல ஏறித்தான் எடுத்துச்சு. கார்டைச் சொருகினா அதுதான் அதுக்கு அஞ்சறைப்பெட்டி.

அப்புறம் செம்பகம் கார்டு தேடக் கெளம்பினா.

மொத கார்டு, அப்பாவோட பழைய கேமராவுல இருந்தது. சொருகினா. சொய்ங். லேப்டாப் மோந்து பாத்துச்சு. டொய்ங். இது எனக்குப் பத்தாது, இம்புட்டுக்காணு இடத்துல என்னத்தை வைக்கன்னு துப்பிருச்சு.

ரெண்டாவது கார்டு, அம்மாவோட போன்ல இருந்தது. அம்மா அதுல மாரியம்மன் பாட்டா ரொப்பி வச்சிருந்தாங்க. ஒரு பாட்டு போச்சுன்னாலும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டாங்க. அவ ஒரு பாட்டு விடாம வேற எடத்துல ஏத்திட்டு, பொறவு கொண்டு வந்து சொருகினா. சொய்ங். லேப்டாப் தட்டிப் பாத்துச்சு, குலுக்கிப் பாத்துச்சு. டொய்ங். இடம் இருக்கு, வேகம் இல்லை, இது என்னை விட ஆமைன்னு துப்பிருச்சு. அம்மா கார்டை அம்மாகிட்டயே பாட்டோட திருப்பிக் குடுத்துட்டா. பாத்தியா, எடுத்ததைக் கேட்டு எடுத்தா, அப்படியே திருப்பிக் குடுத்தா. அதை மனசுல வச்சுக்கோ.

மூணாவது கார்டு அண்ணாச்சி கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. கல்யாண கேமராவுக்குப் போடுற ஒசத்திக் கார்டு. தை மாசம் பூரா, கண்ணு எரிய எரிய, யாரு யாரோ தாலி கட்டிக்கிற போட்டோவை எல்லாம் பிரிச்சு அடுக்கினா. அண்ணாச்சி சம்பளத்தை எடுக்கப் போனப்போ, அது வேண்டாம் அண்ணாச்சி, அந்தக் கார்டைக் குடுங்கன்னா. அவரு கண்ணாடிப் பெட்டியைத் தொறந்து எடுத்துக் குடுத்துட்டாரு.

நகம் அளவுதான் இருக்கும் அந்தக் கார்டு. அவ்வளவு சின்னது லேப்டாப் சந்துக்குள்ள நிக்காதுல்ல, அதனால அம்மா கார்டுக்கு இரவல் வாங்கிப் போட்ட மாதிரி அதுக்கும் ஒரு சட்டை. கறுப்பா, பெருசா. சின்னக் கார்டை அந்தச் சட்டைக்குள்ள நொழச்சு, சட்டையோட சேத்துச் சொருகணும். கடைக் கார்டோட மாறிரக் கூடாதுன்னு செம்பகம் நகத்துக்கு வைக்கிற செவப்புச் சாயத்துல அந்தச் சின்னக் கார்டு மேல ஒரு பொட்டு வச்சா. ஊதி ஊதிக் காய வச்சா.

சொருகினா. சொய்ங். லேப்டாப் மோந்து பாத்துச்சு, தட்டிப் பாத்துச்சு. கிர்ர்ர்... சரின்னுருச்சு பாப்பா. புதுசு மாதிரி ஆயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நடுவுல நிக்காம ஓடுச்சு. தடதடதடன்னு அவ அடிக்க அடிக்க எழுத்து பின்னாலயே வந்துச்சு. அன்னைக்கு அவ ஒத்தையா உக்காந்து அழுதா. சந்தோசத்துல அழுததுல அதுதான் கடைசி.

ம்.

அப்புறம் பரிட்சை வந்துச்சு. அதுக்கு முன்னாடி அண்ணன் லீவுக்கு வந்துட்டான். வீடே அமர்க்களம். முறுக்கு பிழியிறாங்க, அதிரசம் சுடுறாங்க. அண்ணன் லேப்டாப்பைப் பாத்துட்டு, செத்த மாட்டை எழுப்பி விட்டுட்டியே, கெட்டிக்காரிதான்னு அவ தலையில ஒரு தட்டு தட்டினான். அவ வாயெல்லாம் பல்லா, கார்டு கதையை மொதல்ல இருந்து சொன்னா. அவன் ம் ம்முன்னு போனைப் பாத்துக்கிட்டே கேட்டான். உன்னோட ம் அப்படி இல்லை. நீ நெசமாவே கேக்குற.

பரிட்சைக்கு மொத நாள் சாயங்காலம் அவனுக்கு பஸ். செம்பகம் அடுப்படியில அவனுக்கு முறுக்கு கட்டிக்கிட்டு இருந்தா. ஒடையாததா பாத்துப் பொறுக்கி, டப்பாவுல அடுக்கி. அண்ணன் போயிட்டு வாரேன்னான். பஸ் ஏறுனான். போயிட்டான்.

மறுநா காலையில அவ குளிச்சு, சாமி கும்புட்டு, லேப்டாப்பைத் தொறந்தா. கிர்ர்ர்ர்ர். வட்டம் சுத்துது. என்னடா இதுன்னு விலாவைத் தடவிப் பாத்தா. சந்துல கார்டோட விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. இருக்கு, இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டா.

அப்போ பரிட்சை ஆரம்பிச்சுது. காதுக்குள்ள ஒரு டாக்டர் கடகடன்னு பேசுறாரு. திரையோட மூலையில கடிகாரம் ஓடுது. அவ அடிக்கிறா, எழுத்து வரலை. அடிக்கிறா, வரலை. டாக்டர் பேசிக்கிட்டே போறாரு. வட்டம் சுத்துது, சுத்துது. கடிகாரம் மட்டும் நிக்காம ஓடுது. கார்டை அமுக்கி வெளிய எடுத்தா.

சட்டை மட்டும் இருந்துச்சு. உள்ள கார்டு இல்லை.

நீ அழாத பாப்பா. கதைதானே.

அவ அண்ணனுக்குப் போன் போட்டா. கார்டை எடுத்தியாண்ணேன்னு கேட்டா. அவன் ஆமான்னான். "பஸ்ஸுல பாட்டு கேக்க எடுத்தேன். அதுல என்னமோ பெருசா ஒரு குப்பை கெடந்துச்சு, அழிச்சுட்டேன். சட்டையைத் தொலைக்கலை, பத்திரமா திருப்பிச் சொருகிட்டுத்தான் வந்தேன்."

பத்திரமா. அந்த வார்த்தையைக் கேட்டியா? அவன் அழிச்ச குப்பைதான் லேப்டாப்போட அஞ்சறைப்பெட்டி.

கம்பெனிக்குப் போன் போட்டா. இனிமே பரிட்சை அடுத்த வருசம்தான் மேடம்னு ஒரு பொண்ணு இனிக்க இனிக்கச் சொன்னா. அம்மாகிட்டப் போயி அழுதா. அம்மா மாவு சலிச்சுக்கிட்டே சொன்னாங்க: "கூடப் பொறந்தவன் எடுத்தா அது திருட்டா? ஒரு நகம் அளவு கார்டுக்கு அண்ணனைப் பகைச்சுக்குவியா?"

நகம் அளவுதான். நான் இல்லேன்னா சொல்றேன்.

அப்பா வாக்கு மாறாதவரு. சாத்தூருக்குச் சொல்லி விட்டாரு. மேளம் கொட்டுச்சு, டும் டும் டும். அந்த வீட்டுக் கதை வேற கதை பாப்பா, அதை ராத்திரியில சொல்லக் கூடாது, பகல்லயும் சொல்லக் கூடாது. அங்க எந்த நாளும் காபி ஆறித்தான் இருந்துச்சு, அவ்வளவுதான் உனக்கு. கடைசியில ஒத்தைப் பையோட அவ அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னா. அண்ணன் உள்ள வான்னான். சோறு போட்டான், துணி எடுத்துக் குடுத்தான். இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும். வீட்டுக்கு யாரு வந்தாலும், தங்கச்சியை நான்தான் வச்சுப் பாத்துக்கிறேன்னு சொல்லுவான். அவ காபி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிருவா.

அவனுக்கு அந்தக் கார்டு ஞாபகமே இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. வேணும்னே செஞ்சிருந்தா மண்ணை வாரித் தூத்தி, ஏசித் தீத்திருக்கலாம். ஞாபகமே இல்லாதவனை எங்க போயி ஏச?

என்ன கேட்ட? கார்டு என்ன ஆச்சா?

அது நல்ல கார்டுல்ல, கெடவே இல்லை. அண்ணன் போன் மாத்துனான், கார்டும் கூடவே மாறுச்சு. இன்னொரு போன் மாத்துனான், அப்பவும் மாறுச்சு. அப்புறம் அவனுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. அது பாட்டு இல்லாமத் தூங்காது. அதுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி, தாலாட்டா ஏத்தி, அந்தக் கார்டைப் பெட்டிக்குப் பின்னால சொருகிட்டான்.

ஏன் எந்திரிக்கிற? லைட்டைப் போடாத. படு. அதை எதுக்கு இப்பப் புடுங்குற, ஒடஞ்சுரும்.

பொட்டு இருக்கா?

ம். பாதி உதிந்திருக்கும். செவப்புத்தான், பழசாயி அப்படித் தெரியுது.

எனக்கா? இனிமே அது எனக்கு எதுக்கு, கண்ணு. நீ எங்க இருந்து எடுத்தியோ அங்கயே வையி. உன் அப்பா அந்த லேப்டாப்பை எடைக்குப் போட்டு வருசம் ஆச்சு. சட்டை மட்டும்தான் எங்கிட்ட இருக்கு, என் துணிப் பெட்டியில, சேலைக்கு அடியில.

கதை படுத்துருச்சு, போத்திக்கிருச்சு. இனிமே ம் கொட்ட வேண்டாம். தூங்கு.