பத்தொன்பதாம் தட்டு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தைந்து. இது முறையல்ல என்று ஆட்சேபிப்பவர்கள் ஆஸ்பத்திரியின் பணிப்பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் ஸுபைதா கிருமியியல் பேராசிரியர். தனிஸ்லாஸ் தலைமைச் செவிலியர். ஐந்து வருடமாக அவரிடம் ஆய்வு பழகுகிறவர்.

பச்சிளங்குழந்தை வார்டில் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல். ஐவருக்கும் ஒரே கிருமி. கைவசம் இருந்த எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

யார் கை வழியாக வருகிறது என்று பார்க்க, வார்டுக்குள் போய்வரும் இருபத்தேழு பேரின் விரல்நுனிகளையும் சோதனைத் தட்டுகளில் பதித்தார்கள். தட்டில் எண் மட்டும். பெயர்ப் பட்டியல் தனிஸ்லாஸிடம். "முடிவு தெரியிற வரைக்கும் எனக்கும் காட்டக் கூடாது அண்ணாச்சி" என்பது டாக்டரின் உத்தரவு.

மூன்றாம் நாள் காலை டாக்டர் தட்டுகளிலிருந்து நிமிர்ந்தார்.

"பத்தொன்பதுல அதே கிருமி. யாரு அது?"

தனிஸ்லாஸ் பட்டியலைப் பிரித்தார். மூடினார்.

"தட்டு மாறியிருக்கும் டாக்டரம்மா. பத்தொன்பதுக்கு மட்டும் இன்னொரு தடவை எடுத்துப் பாப்போமா?"

"மத்த இருபத்தாறு பேருக்கும் அந்தச் சலுகை உண்டா?"

"இல்ல."

"பின்ன? பத்தொன்பது என்ன, உங்க மருமகனா?"

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

"பெரிய ஆளு. வெளிய தெரிஞ்சா டீன் இந்த ஆய்வையே மூடச் சொல்லிருவாரு."

"மூணு மணிக்குக் கூட்டம். அங்க சொல்லுங்க. எனக்கு ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு."

டாக்டர் எழுந்து வார்டுப் பக்கம் நடந்தார். உள்ளே ஆறாவது குழந்தையை அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். தனிஸ்லாஸ் ஏறக்குறைய ஓடினார். டாக்டருக்கு முன்னால் போய், வாசலின் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்க உள்ள போகக் கூடாது, டாக்டரம்மா."

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு நாற்பது முறை கழுவிக் கழுவி விரலிடுக்கில், கிருமி தங்கத் தோதாக, தோல் வெடித்திருந்தது. திரும்பி நடந்தார்.

மூன்று மணிக் கூட்டத்தில் அறிக்கையைத் தனிஸ்லாஸ்தான் வாசித்தார். பத்தொன்பது என்ற இடத்தில் பெயரையும் பதவியையும் வாசிக்கும் முன் ஒருமுறை டாக்டரைப் பார்த்தார். வாசித்துவிட்டார்.

டீனுக்குக் கோபம்.

"கிருமியைத் தேடப் போனவங்களே கொண்டு போய்ச் சேத்திருக்கீங்க. நல்லாயிருக்கு! போதாததுக்கு ஒரு நர்ஸ் பேராசிரியரை வாசல்ல மறிக்கிறாரு. அந்த அதிகாரத்தை அவருக்கு யாரு குடுத்தா?"

டாக்டர் ஸுபைதா எழுந்தார்.

"நான்தான் சார். அஞ்சு வருஷமா நடத்தின பாடத்துல ஒண்ணாவது உருப்படியா ஏறியிருக்கு."