பழைய மிக்ஸிக்குப் பேரீச்சம்பழம்

மின்கழிவுச் சட்டப்படி, விற்ற மிக்ஸி பழுதானால் தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்; அந்தத் திட்டத்துக்கு அரசு அனுமதியும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்தக் கோயம்புத்தூர் மிக்ஸி கம்பெனிக்குப் பூட்டுதான்.

"குப்பையை எவன்யா உங்களைத் தேடிக் கொண்டுவந்து குடுப்பான்? ஒருத்தரைக் காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன்!" என்று எகிறினார் அதிகாரி.

கம்பெனி முதலாளியோடு வந்த வேன் டிரைவர் பொன்னுரங்கம், "காட்டறனுங்க!" என்று சன்னலுக்குப் பாய்ந்தான். எதிரே அதிகாரிகள் குடியிருப்பு. தொண்டையைக் கனைத்து ஒரே கூவல்: "பழைய மிக்ஸிக்குப் பேரீச்சம்பழம்ம்ம்!"

படபடவென்று கதவுகள் திறந்தன. செத்த மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஏனுங்க, போயிடாதீங்க!" என்று முதல் ஆளாக ஓடிவந்தது வேறு யாருமில்லை, அதிகாரியின் சம்சாரமேதான்!

பொன்னுரங்கம் பேனாவை நீட்டினான்.

"நீங்க கையெழுத்தப் போடுங்க சார். நான் ஓடிப்போய் அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கியாறனுங்க!"