கடைசிப் பெஞ்சில் நீட்டிய கை

நடுத்தேரி மாதா கோயில் பங்குச் சாமியார் கஸ்பாருக்கு ஒரு சீடர் வாய்த்திருந்தார். சீடருக்கு வயது குருவைவிட மூன்று கூடுதல். பெயர் இஞ்ஞாசி. முன்னே போலீஸில் ஏட்டாக இருந்தவர். கலியாணமும் வேண்டாம், லத்தியும் வேண்டாம் என்று வயது ஏறினபிறகு சாமியார் படிப்புக்குப் போனார். இப்போது தியாக்கோன். அதாவது குருப்பட்டத்துக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படியைக் கஸ்பாரிடம் இருந்து கற்றுக்கொண்டு ஏறட்டும் என்று ஆயர் ஆண்டகை அனுப்பிவைத்திருந்தார்.

உடுப்பு மாறியதே தவிர கண் மாறவில்லை. நற்கருணை வாங்க ஆட்கள் வரிசையில் வரும்போது இஞ்ஞாசி ஓரமாக நின்று அவர்கள் கைகளைப் பார்ப்பார். நம் ஆட்கள் இடது கையை மேலே வைத்து, ஓஸ்தி என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கி, வலது கையால் எடுத்து வாயில் போடுவார்கள். சீயெஸ்ஐ சபைக்காரர்கள், ஊர்ப்பேச்சில் வேதக்காரர்கள், வலது கையை மேலே வைத்து ஏந்துவார்கள். சின்னதிலிருந்து பழகின கை, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. வேறு சபைக்காரர்களுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்பது சட்டம். இஞ்ஞாசி பக்கத்தில் போய், "நீங்க நம்ம கோயிலா?" என்று கேட்பார். மெதுவாகத்தான் கேட்பார். ஆனால் கேட்கப்பட்டவர் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

ஒருதரம் நெற்றி நிறையத் திருநீறு போட்ட ஒருவர் வரிசையில் வந்தார். ஓஸ்தியை வாங்கி, வாயில் போடாமல், கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். இஞ்ஞாசி பஸ் நிறுத்தம்வரை ஓடிப்போய் மறித்து வாங்கிவந்துவிட்டார்.

"வீட்டுல சம்சாரத்துக்குக் காய்ச்சலாம் சாமி. பிரசாதம் மாதிரி கொண்டுபோறாராம். நல்லவேளை, பிடிச்சேன்," என்றார் மூச்சு வாங்க.

கஸ்பார் சாமி அதை இரண்டு கையாலும் வாங்கித் தாமே உட்கொண்டார். பிறகு கேட்டார்.

"காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா, ஏட்டையா?"

இஞ்ஞாசி கேட்டிருக்கவில்லை.

இப்படி இருக்கையில் புதுநன்மைத் திருநாள் வந்தது. பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நடுத்தேரியில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தனியாகப் பீடத்துக்கு நடக்காது. ஒரு கையைத் தகப்பன் பிடிக்க, மறு கையைத் தாய் பிடிக்க, மூன்று பேரும் சேர்ந்து நடந்து, மூன்று பேரும் சேர்ந்து வாங்குவார்கள்.

பிரகாசி என்ற பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. லாரி ஓட்டப் போனவர் பெட்டியில்தான் திரும்பினார். தாய் கிருபாவதி மாவு மில் வைத்திருந்தாள். அவள் வேதக்காரி. பிள்ளைகளை உம்ம கோயிலிலேயே வளர்க்கிறேன் என்று கலியாணத்தின்போது புருஷனிடம் சொல்லியிருந்தாள். ஆள் செத்தபிறகும் அந்தச் சொல் சாகவில்லை. ஞாயிறு காலையில் மகளைக் கூட்டிவந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பூசையும் காண்பாள். முடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேரி மணலில் நடந்து தன்னுடைய சபைக்குப் போவாள்.

திருநாளுக்கு முந்தின வாரம் அவள் இஞ்ஞாசியைத் தேடி வந்தாள். தலைமுடியில் மாவு படிந்திருந்தது.

"நான்தான் பிள்ளையக் கூட்டிட்டு வருவேன், ஏட்டையா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"தாராளமா வாங்க. பீடத்துக்கிட்ட வந்ததும் நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். பிள்ளைக்கு மட்டும் சாமி கொடுப்பாங்க."

"அது முடியாது."

"ஏன்?"

"அவ்வளவு கிட்ட வந்தா கையை நீட்டுவேன். கொடுக்கதும் கொடுக்காததும் உங்க பாடு. எனக்குப் பசிக்கலன்னு ஆண்டவர் முன்னால பொய் சொல்லமாட்டேன்."

இஞ்ஞாசி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, இது கடையில வாங்கித் திங்கிற பொருள் இல்ல. அங்க நின்னு ஆமென்னு சொன்னா, அப்பத்துக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் சேர்த்து ஆமென். பாப்பரசருக்கு, மாதாவுக்கு, எங்க திருச்சபை சொல்லுற ஒவ்வொண்ணுக்கும்."

"நான் அப்பத்துக்கு மட்டும் சொல்லிக்கிடுதேன்."

"அப்படிப் பிச்சுப் பிச்சுச் சொல்ல முடியாதும்மா. நீங்க இங்கயே சேர்ந்துருங்களேன். நானே சொல்லித்தாரேன். திருநாளைக்குள்ள முடிச்சிருவோம்."

"செத்த மனுசன்கிட்ட மகள உங்க கோயில்ல வளப்பேன்னு சொன்னேன், வளத்தாச்சு. என்னைய வளத்த கோயில விட்டுட்டு வாறேன்னு யார்கிட்டயும் சொல்லலையே."

"அப்ப பிள்ளைய அத்தைக்காரி கூட்டிட்டு வரட்டும். நீங்க உங்க வழக்கமான இடத்துல, கடைசிப் பெஞ்சுல இருங்க."

கிருபாவதி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"சரி. கடைசிப் பெஞ்சிலேயே நிக்குதேன். ஆனா கையை நீட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். அங்கேர்ந்து எட்டாதுல்லா? பிறகென்ன பயம்."

போய்விட்டாள். இஞ்ஞாசி நேரே கஸ்பார் சாமியிடம் போனார். சாமி வறுத்த கடலையைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். திருநாளன்று ஆண்டகை வருகிறார், அவர் முன்னால் இப்படி ஒரு கூத்து நடக்கலாமா என்பதையும் கேட்டுக்கொண்டார்.

"நான் சொன்னது தப்பா சாமி?"

"சட்டப்படி சரிதான்."

"அப்ப அவங்க கடைசிப் பெஞ்சிலேயே நிக்கட்டுமா?"

"நீங்க காட்டுன இடத்துலதான நிக்கப்போறாங்க." சாமி கடலைத் தோலை ஊதினார். "கடலை எடுங்க."

இஞ்ஞாசிக்குப் பதில் கிடைத்த மாதிரியும் இருந்தது, கிடைக்காத மாதிரியும் இருந்தது.

திருநாளன்று கோயில் கொள்ளவில்லை. ஆண்டகை பூசை வைத்தார். முழங்கால் வலிக்காரர், தாம் நற்கருணை உட்கொண்டதும் பீடத்தின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கஸ்பார் சாமியும் உட்கொண்டார். ஓஸ்திக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பீடத்தின் முன்னால் வந்து நின்றார். இஞ்ஞாசி பிள்ளைகளை ஒழுங்குபண்ணக் கீழே நின்றதால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

முதல் பெயர் பிரகாசி. அவளுடைய அத்தை எழுந்து நடைபாதையில் நின்று கையை நீட்டினாள். பிள்ளையைக் காணோம்.

வெள்ளைக் கவுன் கடைசிப் பெஞ்சில் தெரிந்தது. தாயின் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தாய் சொன்னபடியே நின்றாள். வலது கை மேலே, இடது கை கீழே, நெஞ்சுக்கு நேராக ஏந்தியிருந்தாள்.

இஞ்ஞாசி வேகமாகப் போனார்.

"பிரகாசி, வா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அம்மா வரலையா?"

"அம்மா இங்க நிப்பாங்க."

"அப்ப நானும் இங்க நிக்கேன்."

"ஏட்டி, சாமி அங்கதான் தருவாங்க."

"நான் இங்க நிக்கேன், பிரதர்."

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் தாயிடம்.

"போ மக்கா," என்றாள் கிருபாவதி. கையை இறக்காமலே சொன்னாள்.

பிள்ளை அசையவில்லை. கோயிலில் பாட்டு முடிந்துபோயிற்று. பாடகர் குழுவுக்கு அடுத்த பாட்டைத் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆண்டகை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இஞ்ஞாசி இன்னும் ஒரு அடி முன்னே வைத்தார். பிள்ளையின் தோளைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார். பிடித்தால் இழுக்க வேண்டியிருக்கும். அந்தக் கை எத்தனையோ பேரை இழுத்த கை. பாதியில் நின்றது.

அப்போது கஸ்பார் சாமி படியிறங்கினார்.

கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடைபாதை முழுக்க நடந்தார். அவசரப்படவில்லை. கடைசிப் பெஞ்சு வந்ததும் நின்றார். ஓஸ்தியை எடுத்து உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்," என்றது பிள்ளை. வாங்கிக்கொண்டது.

கிருபாவதியின் கை அப்படியே இருந்தது. சாமி அந்தக் கையைப் பார்த்தார். அவள் சாமியைப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. கையை இறக்கு என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போவார் என்று இஞ்ஞாசி வழிவிட்டு ஒதுங்கினார். சாமி போகவில்லை. அவள் பக்கத்தில் தோளோடு தோளாக வந்து நின்றுகொண்டு, கோயிலைப் பார்த்தார்.

"அடுத்த பிள்ளை வரலாம்," என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முன் வரிசையில் இருந்த ஒரு தகப்பன் எழுந்தார். மகனையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு பீடத்துக்கு முதுகைக் காட்டி, கோயிலின் பின்பக்கம் நடந்தார். அவர் பின்னால் அடுத்த வீட்டுக்காரர். அப்புறம் வரிசை முழுக்கத் திரும்பிவிட்டது. புதுநன்மைப் பிள்ளைகள், தாய் தகப்பன்மார், மாதா சபைப் பெண்கள், எல்லோரும் கடைசிப் பெஞ்சுக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் நீட்ட வேண்டியிருந்தது. சிலர் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். வாயில் போட்டுக்கொண்டு அழுதவர்களும் உண்டு. மில்லில் கடன் சொல்லி மாவு அரைக்கிற ஒருத்தி, "இது என்ன வீம்பு," என்று முணுமுணுத்தாள்.

"வீம்புதான்," என்றாள் கிருபாவதி.

வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவள் கையை இறக்கவில்லை.

கடைசியாக இஞ்ஞாசி வந்து நின்றார். வேறு வழியில்லை. இடது கையை மேலே வைத்து ஏந்தினார். பக்கத்தில் வெறுங்கை. ஓஸ்தி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இறங்கவே இல்லை.

கிண்ணம் மூடியபிறகுதான் அவள் கையை இறக்கினாள். முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"வாறேன் சாமி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீட்டுவேன்."

"நீட்டும்மா. நானும் இங்க வருவேன்."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அவளுக்கு இன்னும் தன் சபைக்குப் போக வேண்டியிருந்தது.

ஆண்டகை சாப்பாட்டை முடித்துக் கிளம்பினார். காரில் ஏறும்போதுதான் கேட்டார்.

"கஸ்பார், உனக்கு மலைக்காத்து ஒத்துக்குமா?"

"போர்வை இருக்கு ஆண்டகை."

கார் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். இஞ்ஞாசிக்குப் பொறுக்கவில்லை.

"மாத்தல் வாங்கிக் கொடுத்துட்டேனே சாமி, உங்களுக்கு."

"நீங்க எங்க கொடுத்தீங்க. நான் நடந்துல்லா வாங்குனேன்."

"எனக்கு ஒண்ணு விளங்கல. கொடுத்திருந்தீங்கன்னா, சட்டத்தை மீறிட்டீங்க, சரி, துணிஞ்சவர்னு நினைச்சிருப்பேன். அந்தம்மாவக் கண்டுக்காம இருந்திருந்தா, சட்டப்படி நடந்தார்னு நினைச்சிருப்பேன். நீங்க கொடுக்கவும் இல்ல, விட்டுட்டு வரவும் இல்ல. கொடுக்காததுக்கு எதுக்கு சாமி அவ்வளவு தூரம் போனீங்க?"

கஸ்பார் சாமி அங்கியின் மேல் படிந்திருந்த மாவைத் தட்டிவிட்டார். அவள் தோள் பட்ட இடம்.

"நான் சாப்பிட்டாச்சு, ஏட்டையா. வாயை மூடிக்கிட்டு நிமிந்து பாக்கேன், எதிர்ல ஒரு கை நீட்டிக்கிட்டு நிக்கு. கொடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. கொடுக்கல. சாப்பிட்டவன் அதுக்குப் பிறகு எங்க நிக்கணும்னு அதுல எழுதியிருக்கா? இருந்தா சொல்லுங்க, அங்க போய் நிக்கேன்."